முதல் பூசைக்குப் போகும் மாப்பிள்ளை

ராயபுரம்
14.8.2022

அன்புள்ள பிலோமி அக்காவுக்கு,

தம்பி வால்டர் எழுதிக்கொள்வது. இங்கே நான், ஷைனி, மாமா எல்லோரும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மடத்துக் கல் தரையில் மண்டியிடுகிறவர்களுக்கு ஒரு சாக்காவது மடித்துப் போடக் கூடாதா? மதர் இதைப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்கள் என்று தெரியும். மதர், தோத்திரம்.

எனக்கும் ஷைனிக்கும் கல்யாணத்தை முடித்து, என்னை மாமா வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார வைத்த கையோடு நீ, வெளியே வரவே முடியாத அடைப்பு மடத்துக்குள் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. இந்த ஆறு வருடத்தில் நான் செய்த வேலை என்ன என்று நேற்று யோசித்தேன். ஒரு ஃபேன் ரெகுலேட்டரைச் சரிசெய்தேன். அதற்கே மாமா பதறிப்போய் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, நான் மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார். "ஸ்க்ரூ டிரைவரைக் கீழ போடு மாப்ள. நமக்கு இன்னா தலையெழுத்தா? பாக்கறவன் இன்னா நெனப்பான்?" என்றார். மாமாவின் அப்பா எண்ணூர் ரோட்டு ஓரம் வாங்கிப் போட்ட களர் நிலத்தின்மேல் இப்போது கன்டெய்னர்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. வாடகை தன்னால் வருகிறது. "நெலம் உழைக்குது, நாம குந்திக்கினு இருக்கலாம்" என்பார்.

காலையில் மீன்காரம்மா கூடையோடு வீட்டுக்கே வருவார். வஞ்சிரமா கொடுவாவா என்று முடிவு செய்ய ஒரு மணி நேரம். பிறகு பேப்பர், கேரம், சாப்பாடு, தூக்கம், காபி. சாயங்காலம் மொட்டைமாடியிலிருந்து துறைமுகத்துக் கிரேன்களைப் பார்ப்பேன். அவை எனக்காகவும் சேர்த்து வேலை செய்கின்றன.

ஒரு நல்ல செய்தி. இரண்டு மாதமாக விடியலில் முதல் பூசைக்குக் கிளம்பிவிடுகிறேன். அப்படியே நடந்துவிட்டு எட்டரைக்கு வருகிறேன். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. உன் ஜெபத்தின் பலன் என்கிறார்கள்.

உன் கடிதங்களை மாமா ஜெபமாலை முடிந்ததும் உரக்கப் படிக்கிறார். சமையல் செய்கிற பட்டம்மாள்கூட கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

உன் தம்பி
வால்டர்

*

சேசு மரி சூசை துணை

12.9.2022

பிரியமுள்ள வால்டருக்கும் ஷைனிக்கும், மதிப்புக்குரிய மாமா அலெக்ஸாண்டர் அவர்களுக்கும்,

தேவ கிருபையால் சுகம். முட்டிவலிக்கு வைத்தியம் நடக்கிறது. சாக்கு கொடுத்துவிட்டார்கள். மதர் உனக்குத் தோத்திரம் சொல்லச் சொன்னார்கள்.

மாதா பிறந்த நாளுக்கு நீங்கள் வந்துபோனது எனக்கு ஒரு வருடத்துக்குப் போதும். பார்வையாளர் பார்லரில் கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நானுமாக அரை மணி நேரம்தான் என்றாலும், ஷைனி கொஞ்சம் இளைத்திருப்பதைப் பார்த்தேன். நன்றாகச் சாப்பிடம்மா.

வால்டர், நீ பட்டறையில் வேலை பார்த்த நாட்களில் நான் மண்ணெண்ணெய்த் துணியால் உன் நகங்களைத் தேய்த்துவிடுவேனே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நீ கம்பிமேல் கை வைத்திருந்தபோது எனக்கு அந்த ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நீயும் யோசி.

இங்கே வழக்கம்போல நாற்பது பங்குக் கோயில்களுக்குப் பூசை அப்பம் சுட்டு அனுப்புகிறோம். உடைந்ததைப் பொறுக்கிவிட்டுக் கட்டுக் கட்டும் வேலையை வெளி அறையில் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் தினக்கூலிக்குச் செய்கிறார்கள். அப்பத்தை வட்டமாக வெட்டுகிற மிஷின்தான் முரண்டு பிடிக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்திலும் எங்களுக்குக் கடிதம் கிடையாது. வருவதை வாசல் சிஸ்டர் பெட்டியில் வைத்து, திருநாள் அன்றுதான் தருவார்கள். அதனால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுது.

உங்களுக்காக வேண்டிக்கொள்ளும்
பிலோமி

*

3.10.2022

அக்கா,

நலம், நலமறிய ஆவல். உன் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நகத்து வரியைப் படித்துவிட்டு மாமா, "அக்காவுக்கு இன்னா பாசம் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நான் பூசைக்குப் போகவில்லை. ஜூன் மாதம் ஒருநாள் நிஜமாகவே பூசைக்குத்தான் கிளம்பினேன். கோயில் வாசலில் நின்றேன். உள்ளேயும் உட்காரத்தானே போகிறோம் என்று தோன்றியது. வந்த பஸ்ஸில் ஏறி டோல்கேட்டில் இறங்கினேன். வெள்ளத்துரை அண்ணன் பட்டறை அதே சந்தில்தான் இருக்கிறது. ஒரு போட் இன்ஜினோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த அண்ணன், ஆறு வருடம் கழித்து வந்தவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டேய் வால்டரு, இத்த கொஞ்சம் புட்ச்சிக்கோ" என்றார். பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் நான் வெள்ளைச் சட்டையில் இருப்பதே தெரிந்தது. அப்புறம் ஒரு நீலச் சட்டையை அங்கேயே ஆணியில் மாட்டி வைத்தேன்.

ஞாயிறு தவிர தினமும் போகிறேன். அந்த இரண்டரை மணி நேரம் என்னை யாரும் 'மாப்ள' என்று கூப்பிடுவதில்லை. பக்கத்தில் வேலை செய்கிற ஜஹாங்கீர், "இன்னா மாமு, லேட்டு?" என்று திட்டுவான். எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா? அண்ணன் கூலி கொடுக்க வந்தார், வேண்டாம் என்றேன். "துட்டு வாங்காதவன் வேலைக்காரன் இல்ல மாமு, விருந்தாளி" என்றான் ஜஹாங்கீர். அது இரண்டு நாள் என்னை அரித்தது. இப்போது வாங்கிக்கொள்கிறேன்.

மாமாவிடம் சொன்னால் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை. வருத்தப்படுவார், அப்புறம் எனக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பார். நல்லவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது அக்கா?

பதிலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். உரக்கப் படிப்பார்.

வால்டர்

*

சேசு மரி சூசை துணை

20.11.2022

பிரியமுள்ள எல்லோருக்கும்,

சுகம். அங்கே மழை எப்படி? பதில் தாமதமானதற்கு நோவு காரணம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதுதான் காரணம்.

வால்டர், உன் காலைப் பூசையைப் பற்றி எழுதியதை மதரும் படித்தார்கள். சிரித்தார்கள் என்று நினைக்கிறேன், முக்காட்டுக்குள் சரியாகத் தெரியவில்லை. பூசையில் கை கால் பத்திரம்.

இறால் உரிக்கிற ஷெட்டில் பத்து வருடம் ஈரத் தரையில் நின்றவள் நான். உனக்கு இந்தச் சம்பந்தம் அமைந்தபோது, என் தம்பி இனி ஆயுசு முழுக்க உட்கார்ந்து சாப்பிடுவான் என்று அழுதேன், சந்தோஷத்தில். அந்த நிம்மதியில்தான் இந்த மடத்துக் கதவைத் தாண்டினேன். உனக்கு உட்காரப் பிடிக்குமா என்று நான் கேட்கவே இல்லை. இப்போதுதான் உறைக்கிறது.

அடுத்த வாரம் திருவருகைக் காலம். பாவசங்கீர்த்தனத்துக்கு நல்ல நாட்கள். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்ல வேண்டியதை எல்லோரும் சொல்லிவிடுவது நல்லது.

பிலோமி

*

9.1.2023

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்துகள். எல்லோரும் சுகம். உன் கடிதத்தைக் கேட்டு மாமா எனக்கு ஒரு முட்டி மெத்தை வாங்கி வந்தார். பூசையில் கை கால் பத்திரமாக இருக்க.

இரண்டு மெக்கானிக் கைவிட்ட ஒரு இன்ஜினைப் போன வாரம் ஓட்டிவிட்டோம். இன்ஜெக்டரில் கோளாறு என்று நான்தான் கண்டுபிடித்தேன். அது உறுமினபோது ஜஹாங்கீர் என் முதுகில் ஓர் அறை விட்டான். இன்னும் வலிக்கிறது. வலி போக வேண்டாம் என்றிருக்கிறது.

ஒரு பேஜாரு. பெரிய வியாழனன்று பாதம் கழுவப் பன்னிரண்டு பேரை உட்கார வைப்பார்களே, அதில் என்னையும் சேர்க்கச் சொல்லி மாமா ஃபாதரிடம் கேட்கப் போகிறாராம். தினம் முதல் பூசைக்கு வருகிற மாப்பிள்ளையாயிற்றே! ஃபாதர் என் காலைக் கழுவினால் சர்ச் முழுக்க டீசல் மணக்கும்.

ஷைனியிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் வாயெடுக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே சுடச்சுட காபியைக் கொடுத்து, "இன்னிக்கு ஃபாதர் இன்னா பிரசங்கம் வெச்சாரு?" என்று கேட்கிறாள். அதோடு சரி.

வால்டர்

*

ராயபுரம்
13.2.2023

சிஸ்டர் அண்ணிக்கு,

ஷைனி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் உடம்பு சுகமா? நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

நேற்று கோயிலுக்குப் பூ கொண்டுபோனேன். பாதம் கழுவும் சடங்கைப் பற்றி ஃபாதரே பேச்செடுத்தார். "ஒங்க அப்பா கேட்டாரும்மா. ஆனா வால்டரை முதல் பூசையில நான் ஒருநாளும் பாத்ததில்லையே" என்றார். பூவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவரிடமும் கேட்கவில்லை. இன்று காலை வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தபோது சோப்பு வாசனை. பூசைக்குப் போனவர் ஏன் அண்ணி குளித்துவிட்டு வருகிறார்?

அவருக்கு வேறு ஒரு வீடு இருக்கிறதா? எங்களுக்குக் குழந்தை இல்லை. அது காரணமாக இருக்குமோ என்று யோசிக்கிறேன். நாள் முழுக்க வீட்டில் இருக்கிற எனக்கு யோசிப்பதுதான் வேலை.

அவர் உங்களிடம் எதையும் மறைக்க மாட்டார். நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள். அதனால் கேட்கிறேன்.

ஷைனி

*

சேசு மரி சூசை துணை

21.2.2023

அன்புத் தங்கச்சி ஷைனிக்கு,

நாளை விபூதிப் புதன். அதன்பின் ஈஸ்டர் வரை பேனாவைத் தொட முடியாது. இன்று மதியத் தபாலில் இதைச் சேர்க்க வேண்டும், அதனால் நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. வால்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்றால் நாற்பது நாள் உன்னை இந்த நெருப்பில் நிற்க வைக்க வேண்டும். அது பாவம்.

வேறு வீடு இல்லை. வேறு பெண் இல்லை. டோல்கேட் பக்கத்தில் வெள்ளத்துரை என்பவரின் பட்டறைக்குப் போகிறான். போட் இன்ஜின் கழற்றி மாட்டுகிறான். அவ்வளவுதான் அம்மா. சோப்பு வாசனை அதனால்தான். உன்மேல் குறை எதுவும் இல்லை. அவனால் சும்மா இருக்க முடியவில்லை, அதுதான் விஷயம். அவனைத் திட்டாதே. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அவனே சொல்லட்டும்.

பிலோமி

*

21.2.2023

அக்கா,

எப்படி இருக்கிறாய்? இது தபசு காலத்துக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று கூரியரில் போடுகிறேன்.

முடிவு பண்ணிவிட்டேன். ஏப்ரல் பதினைந்திலிருந்து மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதம் போட் எல்லாம் கரையில் நிற்கும், இன்ஜின் எல்லாம் பட்டறைக்கு வரும். அந்த இரண்டு மாதம் முழு நாளும் மெயின் ஃபிட்டராக நில் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். சரி என்றேன். ஈஸ்டர் அன்று ஷைனியைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் நானே சொல்லப் போகிறேன். திருடன் மாதிரி இல்லை, ஆம்பளையாக, வேலைக்குப் போகிறேன் என்று. என் வாயால் அவள் கேட்க வேண்டும். அப்புறம் மாமாவிடம் இரண்டு பேருமாகப் போய் நிற்போம்.

அதுவரை யார் கேட்டாலும், ஷைனியே கேட்டாலும், நீ வாய் திறக்காதே. பொய் சொல்ல வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதுதானே உங்கள் மடத்து விரதம்.

உன் தம்பி
வால்டர்

*

28.3.2023

அக்கா,

நீ இதை ஈஸ்டருக்குத்தான் படிப்பாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வது?

உன் கடிதம் வந்த அன்று ஷைனி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். திட்டவில்லை. "பட்டறைக்குத்தானா, பட்டறைக்குத்தானா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த நிம்மதியில் அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். மாமா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு, "அவ்ளோ ஆசையா மாப்ள? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்போதே பயம் பிடித்துக்கொண்டது.

பட்டறையை வாங்கிவிட்டார். வெள்ளத்துரை அண்ணன் மேலும் கீழும் பார்த்தார், இந்த வயதில் யார்தான் வேண்டாம் என்பார்கள்? சூசையப்பர் திருநாளன்று ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். 'வால்டர் மரைன் ஒர்க்ஸ்' என்று போர்டு. மூலையில் கண்ணாடி அறை, ஏசி, சுழல் நாற்காலி. எல்லோருக்கும் பிரியாணி.

மறுநாள் காலை நீலச் சட்டையைத் தேடினேன். ஆணியில் இல்லை. ஒரு கியர் பாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த ஜஹாங்கீர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"ஸ்பேனரைக் கொடு மாமு" என்றேன்.

"வோணாம் சார். கை கலீஜாவும்."

"இன்னாடா சாரு? நேத்து வரைக்கும் முதுவுல அறைஞ்ச."

"நேத்து நீங்க வேலக்காரன் சார். மொதலாளி வந்து ஸ்பேனர் புட்ச்சா, அப்பறம் எனுக்கு இன்னா வேல கீது? போயி ஏசில குந்துங்க சார்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை அக்கா. நான் போய் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டைமாடிக்குப் பதிலாக இது, அவ்வளவுதான். இப்போது போவதற்கு வேறு இடமும் இல்லை. எந்தப் பட்டறைக்காரன் இன்னொரு பட்டறை முதலாளியை வேலைக்கு வைத்துக்கொள்வான்?

உன்மேல் கோபம் என்று எழுதிவிட்டு, இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். கோபம்தான்.

வால்டர்

*

சேசு மரி சூசை துணை

10.4.2023

பிரியமுள்ள தம்பி வால்டருக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். நேற்று பூசை முடிந்ததும் வாசல் சிஸ்டர் உன் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். முதல் கடிதத்தைப் படிக்கும்போதே இரண்டாவதில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது. உன் கூரியர் விபூதிப் புதனுக்கு அடுத்த நாள் வந்ததாம். நான் ஷைனிக்கு எழுதி இரண்டே நாள்.

நான் மன்னிப்புக் கேட்கிறேன். இதை மாமா உரக்கப் படித்தாலும் பரவாயில்லை.

தபசு காலத்தின் நடுவில் அப்பம் வெட்டும் மிஷின் நின்றேபோய்விட்டது. ஈஸ்டருக்கு வேண்டியதை எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டினோம். விரலெல்லாம் கொப்புளம். மதர் நேற்று என்னைக் கூப்பிட்டு, "உன் தம்பி ஃபிட்டர்தானே?" என்றார்கள். சொந்தக்காரர் யாரும் எங்கள் மடத்துக்குள் வர முடியாது, உனக்குத் தெரியும். ஆனால் வேலைக்காரர் வரலாம். ஒரு சிஸ்டர் மணி அடித்துக்கொண்டே முன்னால் போவார், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். தம்பியாக வந்தால் கம்பிக்கு அந்தப் பக்கம்தான். ஃபிட்டராக வந்தால் உள்ளே, நான் வேலை செய்கிற இடத்துக்கே வரலாம். மடம் கூலி கொடுக்கும். வருவாயா?

பிலோமி

*

சேசு மரி சூசை துணை

8.5.2023

அன்புள்ள ஷைனிக்கு,

சுகமா அம்மா? உறைமேல் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். இதை நீ மட்டும் படி.

நாங்கள் தம்பியை எதிர்பார்த்தோம், லாரி வந்தது. புது மிஷினும் அதை மாட்ட நான்கு ஆட்களும். உன் அப்பாவின் நல்ல மனதுக்காக மதர் ஒரு பூசையே ஒப்புக்கொடுத்தார்கள். மிஷின் அருமையாக ஓடுகிறது. பொத்தானை அமுக்கினால் போதும். முன்பு வெட்டிக்கொண்டிருந்த வயதான சிஸ்டர்கள் இரண்டு பேரும் இப்போதும் அதே நேரத்துக்கு வந்து மிஷின் பக்கத்தில் நிற்கிறார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களைப் பார்த்துத்தான் என் தம்பியின் ஆறு வருடம் எனக்குப் புரிந்தது.

வால்டர் ஒரு மாதமாக எழுதவில்லை. உன்னிடம் ஒரு பிச்சை கேட்கிறேன். பழைய மிஷின் கொட்டகையில் அப்படியே கிடக்கிறது. மதர் அதைத் தூக்கிப் போட விடவில்லை, அந்த சிஸ்டர்களுக்கு அது வேண்டும் என்கிறார்கள். அதைச் சரிசெய்ய ஓர் ஆள் வேண்டும். காரும் வேண்டாம், பரிசும் வேண்டாம், ஆள் மட்டும். அனுப்புவாயா?

பிலோமி

*

ராயபுரம்
17.5.2023

சிஸ்டர் அண்ணிக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. தினமும் பத்து மணிக்குக் கார் வந்து பட்டறைக்குக் கூட்டிப்போகிறது, ஒரு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. உங்கள் ஈஸ்டர் கடிதம் வந்த அன்று ஒரு பையைத் துடைத்து எடுத்து வைத்திருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு அப்பா மிஷினுக்கு ஆர்டர் கொடுத்ததும், பையைத் திரும்பப் பரண்மேல் போட்டுவிட்டார். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

அப்பாவிடம் சொன்னது நான்தான் அண்ணி. சொல்லாதே என்று நீங்கள் எழுதியும் சொன்னேன். அந்தக் குற்றம் என்னோடு இருக்கட்டும், நீங்கள் சுமக்காதீர்கள்.

வரும் திங்கட்கிழமை அவர் பஸ்ஸில் வருகிறார். நேற்று நானே டோல்கேட் போய் அந்த ஜஹாங்கீரிடம் நீலச் சட்டையைக் கேட்டு வாங்கினேன். துவைத்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். "இத்த எப்பிடி சார்கிட்ட குடுக்கறதுன்னு தெரில அண்ணி" என்றார். சட்டையைக் கையில் கொடுத்ததும் இவர் அதை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வாரம் தியானத்துக்குப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். சந்தோஷமாகத் தலையாட்டினார். இந்தத் தடவை பொய் சொன்னது நான்.

வாரம் முடிந்தால் இந்த வீட்டுக்குத்தான் திரும்ப வருவோம், அந்தக் கண்ணாடி அறைக்குத்தான் அவர் போவார். அது எனக்குத் தெரியும்.

'போகிறோம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளி அறையில் அப்பம் பொறுக்கிக் கட்டுகிற பெண்களோடு என்னையும் உட்கார விடுவீர்களா? டீச்சர் டிரெயினிங் முடித்த சர்டிபிகேட் பத்து வருடமாக என் பீரோவில் இருக்கிறது. எனக்கு முப்பத்திரண்டு வயது, லேட்டாக வந்ததற்காக இதுவரை யாரும் என்னைத் திட்டியதில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள். ஒழுங்காக வருவேன்.

இதற்கு மேல் ஒரு வரி அடித்திருப்பது தெரியும். கூலி வேண்டாம் என்று எழுதி அடித்தேன். மற்றவர்களுக்குக் கொடுப்பதை எனக்கும் கொடுங்கள்.

ஷைனி